காவலரின் துப்பாக்கிக்கு நியாயம் எது?



நம் நாட்டில் ஒருவரைத் தூக்கிலிட வேண்டுமானால் அமர்வு நீதிமன்றம் முழு விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகும் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு, குடியரசுத் தலைவரிடம் கருணை மனு உண்டு. இத்தனை படிகளையும் ஏறிய பிறகே அரசு ஓர் உயிரை எடுக்கலாம். அதே அரசு, தன் காவலர் ஒருவரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, தேவைப்பட்டால் நொடிப் பொழுதில் ஓர் உயிரை எடுக்கவும் இடம் வைத்திருக்கிறது. முதல் வழியில் எத்தனை எச்சரிக்கை, இரண்டாம் வழியில் எவ்வளவு வேகம்! இவை இரண்டும் ஒரே சட்டத்துக்குள் எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவலரின் துப்பாக்கியை நியாயப்படுத்துவது ஒன்றே ஒன்று: அந்தக் கணத்தில் ஓர் உயிருக்கு நேர்ந்திருக்கும் ஆபத்து, அதைத் தடுக்க வேறு வழியில்லாத நிலை. எதிரே நிற்பவர் யார், அவர் மீது எத்தனை வழக்குகள், அவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் எவ்வளவு கொடியது, ஊர் அவரை எவ்வளவு வெறுக்கிறது என்பவையெல்லாம் நீதிமன்றம் எடைபோட வேண்டியவை. அவற்றில் எதுவும் விசையை அழுத்தும் விரலுக்கு உரிமை தராது.

இந்தக் கோட்பாட்டை ஏட்டிலிருந்து விளக்குவதைவிட ஒரு நிகழ்விலிருந்து விளக்குவது எளிது. 2008 நவம்பர் 26 அன்று இரவு மும்பை கிர்காவ் சௌபாட்டி கடற்கரைச் சாலையில் காவல்துறையினர் தடுப்பு அமைத்துக் காத்திருந்தார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயணிகளைக் கொன்று குவித்துவிட்டு வந்த இருவர், பறித்த கார் ஒன்றில் அங்கே வந்து சேர்ந்தார்கள். வண்டியைத் திருப்பித் தப்ப முயன்றார்கள். அதை ஓட்டி வந்த இஸ்மாயில் கான் போலீஸ் சுட்டதில் இறந்தார். அந்தச் சூட்டைக் குறை சொல்ல எந்தச் சட்டமும் இல்லை, எந்த அறமும் இல்லை. மற்றவர் அஜ்மல் கசாப். அவரை நெருங்கிய உதவி சார் ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, தடியைத் தவிர ஆயுதம் இல்லாதவர், கசாப்பின் ஏகே-47 துப்பாக்கியின் குழலைப் பற்றிக்கொண்டார். குண்டுகள் அவர் உடலைத் துளைத்தன. அவர் பிடியை விடவில்லை. பின்னால் வந்த காவலர்கள் கசாப்பை அடித்து வீழ்த்திப் பிடித்தார்கள். ஆயுதம் கையை விட்டுப் போன அந்த நொடியிலிருந்து அவர் உயிருக்கு ஆபத்தானவர் அல்லர், கைதி. தங்கள் சக காவலர் கண்ணெதிரே சரிந்து கிடந்தும் மும்பைக் காவலர்கள் அந்த வேறுபாட்டை மதித்தார்கள். கசாப் மீது வழக்கு நடந்தது, 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது, அதே ஆண்டு நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தாக்குதலுக்கான பயிற்சி எங்கே நடந்தது, படகு எங்கிருந்து புறப்பட்டது என்பதையெல்லாம் உலகின் முன் நிறுவுவதற்கு உயிரோடு பிடிபட்ட அந்த ஒருவரே சாட்சியாக அமைந்தார். ஒரே இடம், ஒரே குற்றத்தில் பங்குகொண்ட இருவர், சில நிமிட இடைவெளி. ஒருவரைச் சுட்டது சரி, மற்றவரைச் சுடாமல் பிடித்ததும் சரி. இரண்டையும் சரியாக்கியது ஆபத்து இருந்ததா, நீங்கியதா என்ற ஒரே அளவுகோல்.

நம் சட்டமும் இதே அளவுகோலின் மீதுதான் நிற்கிறது. பொதுமக்களில் பலர், காவலருக்குச் சுடுவதற்கென்று தனி அதிகாரம் இருப்பதாக நினைக்கிறார்கள். கூட்டத்தைக் கலைப்பது, கைதுசெய்வது ஆகிய இரண்டு இடங்களை விட்டால் அப்படி எதுவும் இல்லை. ஒரு காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றால், அவர் துணைக்கு அழைப்பது நானும் நீங்களும் அழைக்கக்கூடிய அதே தற்காப்பு உரிமையைத்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக அப்படியே தொடர்கின்றன. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கலாம். சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் போகலாம். ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. ஆபத்து தொடங்கும்போது பிறக்கும் இந்த உரிமை, ஆபத்து முடியும்போது முடிந்துவிடும். 1990-இல் ஹவானாவில் நடந்த ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற அடிப்படை நெறிகளும் இதையே சொல்கின்றன. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே காவலர் கொல்லும் நோக்கோடு சுடலாம். சுடுவதற்கு முன் தன்னை இன்னார் என்று அறிவித்து எச்சரிக்க வேண்டும். சுட்ட பிறகு, காயம்பட்டவர் எவராயினும், உடனே மருத்துவ உதவி தர வேண்டும்.

இங்கே சட்டம் படித்தவர்கள் ஒரு தடையை எழுப்பலாம். கைதுக்கான பிரிவு ஒன்று இருக்கிறதே, அது வேறு மாதிரி சொல்லவில்லையா என்று கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரை அடக்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்கிறது. அதன் நான்காம் உட்பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவருக்கு மரணம் விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்கிறது. அப்படியானால் ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவர் தப்பி ஓடினால் கொல்லலாம் என்றுதானே பொருள் என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்ப்போம். மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பதற்கு நம் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை உண்டு. கள்ள நோட்டு அடிப்பதற்கும் உண்டு. பொறுப்பில் ஒப்படைத்த அரசுப் பணத்தைக் கையாடிய அரசு ஊழியருக்கும் உண்டு. போலிப் பத்திரம் தயாரித்த ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்தின் சுவரேறிக் குதித்து ஓடும்போது அவர் முதுகில் சுடலாம் என்று இந்த அவையில் யாரேனும் சொல்வார்களா? சொல்ல மாட்டோம். காரணம், குற்றத்துக்கு விதிக்கத்தக்க தண்டனையின் அளவுக்கும், ஓடுபவரால் அந்தக் கணத்தில் விளையும் ஆபத்துக்கும் தொடர்பே இல்லை. அந்த உட்பிரிவைத் தடையாக மட்டுமே படிக்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டு அனுமதியாகப் படிப்பது, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவோடு ஒத்துவராது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்பதற்காகவே அவரைக் கொல்வது போலீஸின் கடமை ஆகாது என்று 2012-இல் ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியிருக்கிறது.

அமெரிக்கா இந்தக் கேள்வியை ஒரு சிறுவனின் சாவை முன்வைத்து எதிர்கொண்டது. 1974 அக்டோபர் 3 இரவு, டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், ஒரு வீட்டில் திருடன் நுழைந்ததாகத் தகவல் வந்து போலீஸார் போனார்கள். பின்கட்டில் ஆறடி உயரக் கம்பி வேலியருகே எட்வர்ட் கார்னர் பதுங்கியிருந்தார். வயது 15. காவலர் டார்ச் அடித்து அவருடைய முகத்தையும் கைகளையும் பார்த்தார். ஆயுதம் எதுவும் தெரியவில்லை. ‘போலீஸ், நில்’ என்று குரல் கொடுத்தார். சிறுவன் வேலியில் ஏறினார். ஏறிவிட்டால் பிடிக்க முடியாது என்று காவலர் சுட்டார். குண்டு பின்னந்தலையில் பாய்ந்தது. அவரிடமிருந்து கிடைத்தவை ஒரு கைப்பையும் பத்து டாலரும். மாநிலச் சட்டம் அந்தச் சூட்டை அனுமதித்திருந்தது. பெருங்குற்றம் செய்து ஓடுபவரைச் சுடலாம் என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய விதி. பெருங்குற்றம் ஏறத்தாழ எதற்குமே தூக்குத் தண்டனை இருந்த காலத்தில் பிறந்தது அது. சிறுவனின் தந்தை தொடுத்த வழக்கில் 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியை வீழ்த்தியது. ஓடுபவரால் காவலருக்கோ பிறருக்கோ சாவோ கடும் காயமோ நேரும் என்று நம்பப் போதிய காரணம் இருந்தால் மட்டுமே சுடலாம், வெறுமனே ஓடுகிறார் என்பதற்காகச் சுடக் கூடாது என்றது. குற்றத்தின் பெயரிலிருந்து கண்முன் உள்ள ஆபத்தை நோக்கி அளவுகோல் நகர்ந்த நாள் அது.

இப்படிக் கட்டுப்படுத்தினால் போலீஸாரின் கை கட்டப்பட்டுவிடும், நகரம் ரவுடிகளின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் இயல்பானது. இதற்கு விடை சொல்ல நியூயார்க் நகரக் காவல்துறையின் ஏடுகள் இருக்கின்றன. 1971-இல் அந்நகரக் காவலர்கள் சுட்டதில் 93 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு, சுடுவதற்கான விதிகளை அத்துறை தானே இறுக்கியது. ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டையும் துறைக்குள்ளேயே ஒரு குழு ஆராய வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. அங்கே முன்பு காவலராக இருந்து பின்னர் ஆராய்ச்சியாளரான ஜேம்ஸ் ஃபைஃப் அந்த ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து, சூடுகள் வெகுவாகக் குறைந்தன, அதனால் காவலருக்கு நேரும் ஆபத்து கூடவில்லை என்று காட்டினார். 2010-இல் அந்நகரில் போலீஸ் சூட்டில் இறந்தவர்கள் 8 பேர். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் குற்றங்கள் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விதி இறுகிய உடனேயே வந்த வீழ்ச்சிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. சுட வேண்டாத இடத்தில் சுடாமலிருக்கக் கற்றுக்கொள்ளும் காவல்துறை பலவீனமாவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து, ஆபத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்ற நுட்பமான கேள்விக்கு வருகிறேன். கடைசி இரண்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் பல சூடுகள் நியாயமாகத் தோன்றும். அந்த இரண்டு நொடி எப்படி வந்தது என்று கேட்டால்தான் உண்மை தெரியும். 1988 மார்ச்சில் ஜிப்ரால்டரில் ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்த மூவரைப் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். மூவரும் கையிலிருக்கும் விசையை அழுத்திக் குண்டை வெடிக்கவைப்பார்கள் என்று வீரர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அவர்களிடம் விசையும் இல்லை, ஆயுதமும் இல்லை. 1995-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வீரர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்டதை நேர்மையாக நம்பினார்கள் என்று ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மூவரையும் எல்லையிலேயே தடுத்து நிறுத்தாமல் உள்ளே விட்டது, உளவுத் தகவல் தவறாக இருக்கலாம் என்று எண்ணிப் பாராதது ஆகியவற்றால், உயிர் வாழும் உரிமையைப் பிரிட்டன் மீறிவிட்டதாக 10-க்கு 9 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் வழக்கில், ஆபத்து நேர்ந்த நொடியை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும் முறையைத் தள்ளிவிட்டு, அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னது. சுங்கக் கட்டணம் கட்டாத வண்டி என்று நிறுத்தப்பட்ட கார் அது. நகரத் தொடங்கிய காரின் கதவுப் படியில் காவலர் தானே தாவி ஏறி, இரண்டு நொடிக்குள் சுட்டிருந்தார்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். நாளிதழ் வாசிப்பவர் எவருக்கும் மனப்பாடமான செய்தி ஒன்று உண்டு. கைதுசெய்யப்பட்டவரை, அவர் மறைத்துவைத்த ஆயுதத்தைக் கைப்பற்ற, விடியற்காலையில் ஆளரவமற்ற இடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே அவர் மறைத்துவைத்திருந்த துப்பாக்கியால் சுட்டார், அல்லது அரிவாளால் காவலரை வெட்டினார். தற்காப்புக்காகப் போலீஸார் திருப்பிச் சுட்டார்கள். காவலருக்குக் கையில் காயம், கைதி மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் மரணம். இவற்றுள் ஒன்றிரண்டு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. அந்த நேரத்தில் ஏன் அழைத்துச் சென்றீர்கள்? ஆயுதம் இருக்குமிடம் அவருக்குத்தான் தெரியும் என்றால், அதை அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஏன் விட்டீர்கள்? கைவிலங்குக்குத் தேவை இருந்திருந்தால், அதைச் சட்டப்படி ஏன் மாட்டவில்லை? 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத்துக்கு அருகே சட்டான்பள்ளியில், பெண் மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட நால்வர், பொருள்களைக் கைப்பற்ற அழைத்துச் செல்லப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள் என்றது போலீஸ். உச்ச நீதிமன்றம் அமைத்த, முன்னாள் நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையிலான ஆணையம் அந்தக் கதையை நம்பத்தகாதது என்று ஒதுக்கியது. கொல்லும் நோக்குடனேயே சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் அன்று சிறார்கள் என்றும், காவல்துறையினர் பத்துப் பேர் மீது கொலைக் குற்ற விசாரணை நடத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த அறிக்கை 2022 மே மாதம் வெளியானது.

கூட்டத்தின் மீது சுடுவது இன்னும் கடினமான இடம். ஏனென்றால் கூட்டத்துக்கு ஒரே முகம் கிடையாது. கல்லெறிபவரும், கோஷம் போடுபவரும், வேடிக்கை பார்ப்பவரும், வீட்டுக்குப் போக வழி தேடுபவரும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தையே அழைத்தாலும், இயன்ற அளவு குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் பொருளுக்கும் இயன்ற அளவு குறைந்த சேதமே விளைவிக்க வேண்டும் என்று நம் நடைமுறைச் சட்டம் கட்டளையிடுகிறது. ராணுவத்துக்கே அந்த வரம்பு என்றால் போலீஸுக்கு அதைவிடத் தளர்ந்த வரம்பு இருக்க முடியாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ராய்ட்டர்ஸ் நிறுவனம் உடற்கூறாய்வு அறிக்கைகளைப் பார்த்து அந்த ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட செய்தியின்படி, இறந்தவர்களில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டவர்கள். பதினேழு வயதுப் பெண் ஒருவருக்குப் பின்னந்தலையில் நுழைந்த குண்டு வாய் வழியே வெளியேறியிருந்தது. இந்தச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது மறைவிடத்திலிருந்து சுடப்பட்டதைக் குறிப்பிட்டு, காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அன்று கல்வீச்சு நடந்தது, வாகனங்கள் எரிந்தன என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் எரிந்த வாகனம் சுடுவதற்குக் காரணமாகாது. அந்தக் கணத்தில் யாரோ ஒருவரின் உயிரை யாரோ ஒருவர் பறிக்கப் போகிறார் என்றால், அந்த ஒருவரைத் தடுக்கச் சுடலாம். பின்னந்தலையைக் காட்டி ஓடுபவர் யார் உயிரையும் பறிக்கப் போவதில்லை.

இனி எதிர்வாதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் வாதம், காவலர் நொடியில் முடிவெடுக்கிறார், நாம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஆராய்கிறோம் என்பது. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட இடத்தில் தன் உயிரைக் காக்க முந்திச் சுடும் காவலரை நான் குறை சொல்ல மாட்டேன். பிழையாகக் கணித்திருந்தாலும், அந்தக் கணிப்பு அந்த இடத்தில் நியாயமாக இருந்திருந்தால் சட்டம் அவரைக் காக்கிறது, காக்கவும் வேண்டும். ஆனால் நொடி என்ற வாதம் நொடிக்கு மட்டுமே பொருந்தும். விடியற்காலைப் பயணத்தைத் திட்டமிட்டது நொடியில் அல்ல. பேரணி வரும் என்று முன்பே தெரிந்தும் போதிய தடுப்புகளும் கண்ணீர்ப் புகையும் இல்லாமல் துப்பாக்கியோடு நின்றதும் நொடியில் அல்ல. முடிவெடுக்க நேரம் இருந்த ஒவ்வோர் இடத்திலும் அதிகாரிகள் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அது களத்தில் நிற்கும் கடைநிலைக் காவலருக்குப் பாதுகாப்பே தவிரப் பகையன்று.

இரண்டாவது வாதம் தற்கொலைக் குண்டாளியைப் பற்றியது. எச்சரித்தால் வெடித்துவிடுவான், ஆபத்து கண்முன் தெரியும்வரை காத்திருந்தால் அனைவரும் சாவார்கள், அப்போது என்ன செய்வது என்று கேட்பார்கள். குண்டைச் சுமந்திருக்கிறார் என்பது உறுதியானால் எச்சரிக்காமல் சுடுவதும் நியாயமே. என் அளவுகோல் அதையும் ஏற்கிறது, ஏனென்றால் அங்கே ஆபத்து அந்தக் கணத்திலேயே இருக்கிறது. கேள்வி அந்த உறுதியில் இருக்கிறது. 2005 ஜூலை 22 அன்று லண்டன் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில், ஜான் சார்லஸ் டி மெனெஸிஸ் என்ற பிரேசில் நாட்டு மின்பணியாளரைத் தற்கொலைக் குண்டாளி என்று கருதிப் போலீஸார் தலையில் ஏழு முறை சுட்டார்கள். அவருக்கும் எந்தக் குண்டுவெடிப்புக்கும் தொடர்பு இல்லை. குண்டு வைத்ததாகத் தேடப்பட்டவர் வசித்த கட்டடத்திலேயே இவரும் வசித்தார், அவ்வளவுதான். வீட்டிலிருந்து புறப்பட்டவரைப் பேருந்தில் ஏறவும், இறங்கி ரயில் நிலையத்துக்குள் நுழையவும் விட்டு, கடைசியில் ரயில் பெட்டிக்குள் சுட்டார்கள். உண்மையிலேயே குண்டாளி என்று நினைத்திருந்தால் பேருந்தில் ஏற விட்டிருக்கலாமா? 2007-இல் நடுவர் குழு லண்டன் மாநகரக் காவல்துறையைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. 1,75,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மிகக் கடினமான சூழலில்கூடத் திட்டமிடலின் குறையே ஒரு நிரபராதியின் உயிரைக் குடித்தது.

மூன்றாவது வாதம்தான் நம் நாட்டில் வலுவானது. நீதிமன்றங்களில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன, சாட்சிகள் மிரட்டப்படுகிறார்கள், கொடியவர்கள் ஜாமீனில் வந்து மீசை முறுக்குகிறார்கள், பாதிக்கப்பட்டவருக்கு நீதி எப்போது என்று கேட்கிறார்கள். ஹைதராபாத்தில் போலீஸார் மீது மக்கள் பூத்தூவியது இந்தக் கோபத்தால்தான். அந்தக் கோபத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. மகளை இழந்த வீட்டின் வேதனையை யாரும் அளந்துவிட முடியாது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம் தவறு. கொல்லப்பட்டவர் உண்மையிலேயே குற்றவாளிதான் என்பதை நமக்கு உறுதிசெய்ய ஒரே வழி விசாரணை. சூடு அந்த வழியை மூடிவிடுகிறது. ஒருவேளை உண்மைக் குற்றவாளி வெளியே இருந்தால், அவருக்கு அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. மணிப்பூரில் சட்டத்துக்குப் புறம்பாக நடந்ததாகச் சொல்லப்பட்ட 1,528 கொலைகள் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் அமைத்த சந்தோஷ் ஹெக்டே ஆணையம் முதற்கட்டமாக ஆறு நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்தது. ஆறுமே உண்மையான மோதல்கள் அல்ல என்று 2013-இல் சொன்னது. இறந்தவர்களில் ஒருவர் 12 வயதுச் சிறுவர். தீவிரவாதி என்று எழுதப்பட்ட பெயர்களை யாரோ சரிபார்த்தபோது வந்த விடை இது. நீதிமன்றம் தாமதிக்கிறது என்றால் நீதிபதிகளையும் அரசு வழக்கறிஞர்களையும் தடய அறிவியல் கூடங்களையும் கூட்டுங்கள் என்று அரசை நெருக்க வேண்டும். சூட்டைக் கைதட்டி வரவேற்கும்போது அந்த நெருக்கடியிலிருந்து அரசை நாமே விடுவித்துவிடுகிறோம்.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொல்லவில்லை, காலில்தான் சுட்டுப் பிடித்தோம் என்று சொல்லும் வழக்கம் இன்று பரவிவருகிறது. தொடையில் பாயும் குண்டு பெருந்தமனியை அறுத்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். துப்பாக்கியை எங்கே குறிவைத்தாலும் அது உயிரைப் பறிக்கும் பலப்பிரயோகமே. உயிருக்கு ஆபத்தில்லாதபோது காலில் சுடுவது, விசாரணைக்கு முன்பே தரப்படும் உடல் தண்டனையாகிவிடுகிறது. தண்டனை தரும் வேலையை எந்தச் சட்டமும் காவல் நிலையத்துக்குக் கொடுக்கவில்லை.

நியாயத்தின் அளவுகோல் இது என்றால், அதை நிறுவ வேண்டியவர் யார்? தற்காப்பு என்ற விலக்கைக் கோருபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று நம் சாட்சியச் சட்டம் சொல்கிறது. புதிய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு அதுதான். தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா 1997 மார்ச்சில் முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தின் சாரமும் இதுவே. மோதலில் ஒருவரைக் கொன்றால் அது தற்காப்பு என்று நிறுவப்படும்வரை குற்றமே, ஆகவே விசாரித்தாக வேண்டும். மும்பையில் 1995 முதல் 1997 வரை நடந்த சுமார் 99 மோதல்களில் ஏறத்தாழ 135 பேர் இறந்தது தொடர்பாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையக் குழு விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை கட்டாயம். சம்பந்தப்பட்டவர்கள் ஆயுதங்களை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். உடனடிப் பதவி உயர்வோ வீரப் பரிசோ கூடாது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நடைமுறையில் முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் இறந்தவர் மீதே, கொலை முயற்சி என்ற பெயரில், பதிவாகிறது. குற்றம்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்துபோகிறது. சுட்டவரின் செயலை விசாரிக்கும் வழக்கே இருப்பதில்லை.

ஒவ்வொரு சூட்டையும் இப்படி விசாரித்தால் காவலர்களின் மன உறுதி குலையும் என்பது கடைசி வாதம். மன உறுதி எதனால் வருகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தன் சூடு நியாயமானது என்று அறிந்த காவலருக்கு விசாரணை ஒரு சுமைதான், ஆனால் அவரது பெயரைக் காக்கும் சுமை. எல்லாச் சூடும் சரி என்று துறை சாதிக்கும்போது, உண்மையில் உயிரைப் பணயம் வைத்துப் போராடியவரின் சூடும் மக்கள் கண்ணுக்குச் சந்தேகமாகிவிடுகிறது. பொய்யான மோதல்கள் நேர்மையான காவலரிடமிருந்து திருடிக்கொள்வது அவரது சொல்லின் மதிப்பை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. காவலர் சுட்டு ஒருவர் இறந்தால், சுட்ட செயலின் மீதே தனியாக முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். அந்தக் காவல்துறைக்குக் கட்டுப்படாத அமைப்பு அதை விசாரிக்க வேண்டும். கைதியை இடம் மாற்றும்போதும் பொருள் கைப்பற்ற அழைத்துச் செல்லும்போதும் காட்சிப் பதிவு கட்டாயமாக வேண்டும், பதிவு இல்லையென்றால் போலீஸ் தரப்புக்கு எதிராகவே அதைக் கொள்ள வேண்டும். கூட்டங்களைக் கையாளத் திட்டமிட்ட அதிகாரி, ஆணையிட்டவர், சுட்டவர் ஆகிய மூவரின் பொறுப்பும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. உயிரைக் காக்க மட்டுமே உயிரை எடுக்கலாம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நாளை வழக்கறிஞராவீர்கள், சிலர் நடுவராவீர்கள், சிலர் காக்கியும் அணிவீர்கள். ஒரு சூட்டைப் பற்றிய கோப்பு உங்கள் மேசைக்கு வரும் நாளில், இறந்தவரின் வழக்குப் பட்டியல்தான் அதில் முதல் பக்கத்தில் இருக்கும். அதைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கணத்தில் யாருடைய உயிருக்கு என்ன ஆபத்து இருந்தது என்ற பக்கத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால், அதை எழுதச் சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.